ஒரு கிராம் கல், இருபத்தைந்து மில்லி அமிலம்

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது சிப்பிதான். கிரைபியா என்னும் பழைய சிப்பி இனத்தின் கனத்த ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறுகிப்போய்க் கிடக்கும். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் கடல் நின்றபோது, அந்த உயிர்கள் கடல்நீரில் கரைந்திருந்த கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தமக்குக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. நிலவியலாளர் ஹென்றி பிளான்போர்ட் 1862இல் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். அவருக்குப் பின் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த நத்தைகளையும் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வருணித்துப் பதிப்பித்தார். நிலவியல் படித்த எவருக்கும் அரியலூர் என்ற பெயர் தெரிந்திருப்பது அப்படித்தான். ஊரில் இந்தக் கல்லுக்குப் பெயர் சிமென்ட் கல்.

அந்தக் கல்லுக்குச் சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். கல்லை மாவாக அரைத்து, ஈரம் போக உலர்த்தி, சரியாக ஒரு கிராம் நிறுத்துக் கூம்புக் குடுவையில் போடுகிறார்கள். அதன்மேல் ஒரு நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லி. சுர்ரென்று நுரை எழும்பும். சூடுதட்டில் வைத்துக் கொதிக்கவிட்டு, கரியமில வாயு முழுக்க வெளியேறியதும் இறக்கி ஆறவைத்து, பினால்ப்தலீன் என்னும் நிறங்காட்டி இரண்டு சொட்டு விடுகிறார்கள். பிறகு கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. குடுவையில் இப்போது இருப்பது கல்லிடம் தோற்காமல் மிஞ்சிய அமிலம். அதை முறிக்க எத்தனை மில்லி காரம் ஆனதோ, அத்தனை மில்லி அமிலம் மிச்சம். 9 மில்லி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 25இல் 9 போக 16. அவ்வளவு அமிலத்தைக் கல் தின்றிருக்கிறது. ஒரு நார்மல் அமிலத்தில் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கணக்கு. 16க்கு 800 மில்லிகிராம். ஒரு கிராம் கல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு கார்பனேட்.

ஆலைக்காரர்கள் இதை ‘டிசி’ என்பார்கள், டோட்டல் கார்பனேட். சூளைக்குள் போகும் கலவையில் இந்த எண் முக்கால் பங்குக்குச் சற்று மேலே, ஏறாமலும் இறங்காமலும் நிற்க வேண்டும். குறைந்தால் சிமென்டுக்கு வலு வராது. கூடினால் 1450 டிகிரிச் சூட்டிலும் சேராத சுண்ணாம்பு தனியே மிஞ்சி, கட்டடம் எழுப்பிய பிறகு சுவருக்குள் ஊதி வெடிப்பு விடும். அதனால்தான் அரவை ஓடிக்கொண்டிருக்கும் வரை மணிக்கு மணி மாதிரி எடுக்கிறார்கள். இன்று எக்ஸ்ரே கருவி சில நிமிடங்களில் எல்லாத் தனிமங்களையும் பட்டியலிட்டுக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் அந்தக் கருவி ஒழுங்காகச் சொல்கிறதா என்று சந்தேகம் வந்தால் குடுவையிடமும் பியூரெட்டிடமும்தான் திரும்பிப் போகிறார்கள்.

தரம்பார்த்தல் என்னும் இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் சுற்றுவழி. கல்லை யாரும் நேரே அளப்பதில்லை. கல் மெதுவாகக் கரையும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு அது எப்போது முடியும் என்று காத்திருக்க முடியாது. ஆகவே வேண்டியதற்கு மேலேயே அமிலத்தைக் கொடுத்துவிட்டு, கல்லை அதன் போக்கில் தின்னவிட்டு, கடைசியில் மிச்சத்தை எண்ணுகிறார்கள். ஒன்றின் வலிமையை அறிய அதற்கு எதிரான ஒன்றைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அறிந்து முடிக்கும்போது இரண்டுமே போய்விடுகின்றன. குடுவையில் கொஞ்சம் உப்பும் தண்ணீரும் கரையாத கசடும் மட்டும். நிறுத்துப் பார்த்தால் பொருள் பொருளாகவே திரும்பக் கிடைக்கும். இந்த வித்தையில் அப்படித் திரும்பக் கிடைப்பதில்லை. அளக்கப்பட்ட கல் முடிந்துபோன கல்.

எதை அளந்தோம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கல்லில் மெக்னீசியம் கார்பனேட்டும் கலந்திருந்தால் அதுவும் அமிலத்தைத் தின்னும். அமிலத்துக்கு வந்தவர் யார் என்று தெரியாது. ஆனால் சிமென்டுக்கு அந்த வேறுபாடு பெரிது. மெக்னீசியம் ஆக்சைடு கூடினால் சில ஆண்டுகள் கழித்துக் கான்கிரீட் உப்பிப் பிளக்கும் என்பதால் இந்தியத் தர நிர்ணயம் அதற்கு 6 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதைப் பிரித்தறிய வேறொரு தரம்பார்த்தல், வேறொரு கரைசல், வேறொரு நிறம். எவ்வளவு என்ற கேள்விக்கு அமிலம் நேர்மையாகப் பதில் சொல்லும். எது என்ற கேள்வியை அதனிடம் கேட்கக் கூடாது.

அந்தக் காரக் கரைசல் ஒரு நார்மல் என்பது நமக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு மாணவி கேட்டால் அவள் நல்ல மாணவி. சோடியம் ஹைட்ராக்சைடை நிறுத்துக் கரைத்துச் செறிவைச் சொல்ல முடியாது. தட்டில் வைத்த கையோடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கரியமில வாயுவையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே அதன் செறிவை ஆக்சாலிக் அமிலத்தை வைத்துப் பார்க்கிறோம். ஆக்சாலிக் அமிலப் படிகம் காற்றுக்கு அசையாது, 6.3 கிராம் நிறுத்து ஒரு லிட்டர் ஆக்கினால் 0.1 நார்மல், சந்தேகமில்லை. அதைக் கொண்டு காரம், காரத்தைக் கொண்டு இன்னொரு அமிலம், அந்த அமிலத்தைக் கொண்டு கல். இந்த வரிசையின் தொடக்கத்தில் தராசில் உட்கார்ந்திருக்கும் அந்தப் படிகம் சுத்தமாக இல்லையென்றால் கீழே வரும் எல்லா எண்களும் ஒழுங்காக, ஒரே அளவில், பிழையாக வரும். பார்த்தால் தெரியாது என்பதுதான் அதில் அபாயம்.

இந்த வித்தையைப் பெற்றெடுத்தது சந்தை. 1729இல் பாரிசில் கிளாட் ஜோசப் ஜெஃப்ராய் வினிகரின் வலுவை அறிய, அதில் பொட்டாசியம் கார்பனேட் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை நிற்கும்வரை பார்த்தார். 1756இல் ஸ்காட்லாந்தின் பிரான்சிஸ் ஹோம், துணி வெளுக்க வாங்கும் சாம்பல் காரம் கலப்படமா இல்லையா என்று அறிய, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக ஊற்றி எண்ணினார். எத்தனை கரண்டியில் நுரை நிற்கிறதோ அத்தனை மதிப்பு. பிரான்சில் டெக்ராய்சில் வெளுப்புக் கரைசலை அளக்கக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் செய்தார். கே-லூசாக் அதை நுணுக்கமான முறையாக வளர்த்தார். ஜெர்மனியின் கார்ல் பிரீட்ரிக் மோர் 1855இல் தரம்பார்த்தலுக்கென்றே பாடநூல் எழுதி, பியூரெட்டின் அடியில் ரப்பர் குழாயும் கிடுக்கியும் பொருத்தினார். மூட்டைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்ற கேள்விதான் இவர்கள் எல்லாருக்கும் பின்னால் நின்றது. ஏமாறாமல் இருக்க விரும்பியவர்கள் கண்டுபிடித்தது இது. அந்தப் பிறப்பை நான் குறைவாக நினைக்கவில்லை. ஏமாறாமல் இருக்க விரும்புவது அறிவின் நியாயமான தொடக்கம்.

ஆலைக்கு வெளியே வந்தாலும் முறிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்னும் ஊரில் மழை அறுத்த களிமண் ஓடைகளுக்குள் இறங்கி நடப்பவர்கள், மண்ணுக்குள் கண்ணாடிச் சில்லுபோல் பளிச்சிடும் ஜிப்சத்தைப் பார்த்திருப்பார்கள். பழைய கடற்களிமண்ணில் ஜிப்சம் பிறக்கும் வழக்கமான வழி ஒன்று உண்டு. களிமண்ணுக்குள் இருக்கும் இரும்பு சல்பைடு காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. பக்கத்திலேயே சிப்பி ஓடு. அமிலம் ஓட்டைத் தின்கிறது, ஓடு அமிலத்தை முறிக்கிறது, இரண்டும் போன இடத்தில் கால்சியம் சல்பேட் படிகமாகிறது. அதே ஜிப்சத்தைச் சிமென்ட் அரைக்கும்போது நூற்றுக்கு நாலைந்து பங்கு சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் கலவை இறுகி, கொத்தனார் கரண்டியை எடுக்க நேரமிருக்காது.

வயலிலும் இதே கதை. பெரம்பலூர் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. சுண்ணாம்பு கூடிய கரிசல் மண்ணில் நீர்த்த அமிலத்தை ஒரு துளி விட்டால் நுரைக்கும். மண் பரிசோதனை நிலையத்தில் அந்தச் சுண்ணாம்பை அளப்பதும் ஆலையில் செய்வதைப் போலத்தான்: அமிலத்தைக் கூடுதலாகக் கொடு, மிச்சத்தைக் காரத்தால் எண்ணு. சுண்ணாம்பு மிகுந்தால் மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது; இளம் சோளக் குருத்து வெளிறி நிற்கும். வயல்காரர் கடைக்குப் போய் உரமூட்டை வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் அது.

நான் அதிகம் யோசிப்பது தண்ணீரைப் பற்றி. மழைத்துளி இறங்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. வேர்கள் மூச்சுவிடும் மண்ணுக்குள் இன்னும் அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. இந்த மெலிந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையில் இறங்கி, அதைப் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேர்கிறது. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீர் என்று பெண்கள் சொல்வது இதைத்தான். அண்டாவில் காய்ச்சினால் வாயு பிரிந்துபோய், கரைந்திருந்த கல் மறுபடியும் கல்லாகிறது. அடியிலும் ஓரத்திலும் ஏறியிருக்கும் அந்த வெள்ளைச் செதிலைக் கரண்டியால் பெயர்த்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். சிறு குமிழிகள் எழும். ஏழு கோடி ஆண்டுக்கு முந்திய கடலில் சிப்பி எடுத்துக்கொண்ட கார்பனேட் உங்கள் அடுப்படியில் வாயுவாகிக் கொண்டிருக்கிறது.

தண்ணீர் ஆய்வுக்கூடம் காரத்தன்மையைச் சொல்லும்போது அதை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றுதான் சொல்கிறது. தண்ணீரில் உள்ளது பைகார்பனேட்டாக இருந்தாலும் கணக்கு கார்பனேட்டில். உலகத்தில் எந்த ஊர்த் தண்ணீராக இருந்தாலும் அதன் காரத்தைப் பெரும்பாலும் நம்மூர்க் கல்லை அலகாக வைத்தே எழுதுகிறார்கள். 2012ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரம் 200 வரை ஏற்கிறது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. கடினத்தன்மைக்கும் அதே 200, அதே 600.

இங்கேதான் எனக்கு மனம் ஆறுவதில்லை. மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் வழிகாட்டுதல்படி ஒரு குடிநீர் ஆதாரத்துக்கு ரசாயனப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை. கிருமிப் பரிசோதனை இரண்டு முறை. ஆலைக்குள் கல்லுக்கு மணிக்கு ஒருமுறை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு: கல் லாரிக்கு லாரி மாறும், கிணறு அப்படி மாறாது என்பார்கள். கிணறும் மாறுகிறது. ஐப்பசி மழைக்குப் பின் ஒரு தண்ணீர், சித்திரையில் அடி தெரியும்போது ஒரு தண்ணீர். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மாதிரி இதில் எந்தத் தண்ணீரைச் சொல்கிறது? சூளையின் நலத்துக்குக் காட்டும் பொறுமையை, அதே பாறையின்மேல் குடியிருக்கும் மனிதர்களின் குடத்துக்கும் காட்ட வேண்டும் என்று கேட்பதில் மிகை எதுவும் இல்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்கள் அதைக் கேட்கும் உரிமையோடுதான் இருக்கின்றன.

கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஊராட்சிகளுக்குக் கொடுத்த பரிசோதனைப் பெட்டியில் காரத்தன்மைக்கும் கடினத்தன்மைக்கும் சிறு புட்டிகள் இருக்கின்றன. ஒரு கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி என்பது ஜல் ஜீவன் ஏற்பாடு. குழாயில் தண்ணீரைக் கோடுவரை எடுத்து, நிறங்காட்டியைச் சேர்த்து, நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். எண்ணிய சொட்டைக் கொடுத்துள்ள எண்ணால் பெருக்கினால் விடை. பிரான்சிஸ் ஹோம் தேக்கரண்டியை எண்ணியதற்கும் இதற்கும் முறையில் வேற்றுமை இல்லை. சுமார் இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளுப்புப் பட்டறைக்குப் போதுமானதாக இருந்த துல்லியம் ஒரு தெருவின் தண்ணீரைப் பற்றி முதல் எச்சரிக்கை கொடுக்கவும் போதும். பெட்டி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் எதுவும் போதாது.

பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன். மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்த எவர் கையும் பியூரெட்டின் அடைப்பானை ஒருமுறையாவது திருப்பியிருக்கும். 20 மில்லி காரக் கரைசலைப் பிப்பெட்டில் எடுத்துக் குடுவையில் விட்டு, வெள்ளைப் பீங்கான் ஓட்டின்மேல் வைத்து, இடது கை அடைப்பானில், வலது கை குடுவையைச் சுழற்ற. கண்ணைத் திரவத்தின் கீழ்ப்பிறைக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். பியூரெட்டில் காரமும் குடுவையில் ஆக்சாலிக் அமிலமும் என்று மாற்றி வைத்தால், நிறமற்ற நீரில் ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ரோஜா நிறம் தோன்றிக் கலைந்து போகும். கலையும் நேரம் கூடக்கூட முடிவு நெருங்குகிறது என்று அர்த்தம். அப்போது கை தானாக மெதுவாகும். ஒரு சொட்டில் வெளிறிய சிவப்பு நிலைத்துவிட்டால் நிறுத்த வேண்டும். பளிச்சென்று சிவந்துவிட்டால் தாண்டிவிட்டோம், திரும்ப முதலிலிருந்து. சரியாக நிறுத்திய குடுவையைச் சற்று நேரம் அப்படியே வைத்தால் நிறம் போய்விடும். காற்றின் கரியமில வாயு கரைந்து, மிஞ்சியிருந்த துளிக் காரத்தையும் முறித்துவிட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்துத் தம் விடை தவறோ என்று பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம், அரை நிமிடம் நின்றால் போதும் என்று யாராவது பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

ஆனால் செய்முறைத் தேர்வு நாளில் பல ஊர்களில் அந்த நிறத்துக்கு யாரும் காத்திருப்பதில்லை. காலை முதல் அணி வெளியே வந்ததும் ‘வேல்யூ’ வந்துவிடுகிறது. பதினெட்டு புள்ளி நாலாம், ஒத்த அளவீடு இரண்டு வேண்டுமாம், எழுதிவிடு. சில இடங்களில் உள்ளேயிருந்தே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் மதிப்பெண் இழக்கக் கூடாது என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். அந்த அக்கறையின்மேல் எனக்குக் கோபம் வருகிறது. முன்பே தெரிந்துவிட்ட எண்ணை நோக்கிச் சொட்டு விடும் கை எதையும் அளக்கவில்லை. கண் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. தெரியாத ஒன்றின் முன்னால் அது தன்னைக் காட்டும்வரை பொறுத்து நிற்பது ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த மேசையில் மட்டும்தான் கற்றுத்தரப்படுகிறது. அதையும் நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

அரியலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு வேதியியலைப் பற்றி எழுதும்போது குழுமூர் அனிதாவைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கூலித் தொழிலாளியின் மகள். 2017 பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176, வேதியியலில் 199. பழைய முறைப்படி மருத்துவக் கட்ஆஃப் 196.75. மருத்துவ நுழைவுத் தேர்வாக நீட் வந்துவிட்டது, இடம் கிடைக்கவில்லை, உச்ச நீதிமன்றம்வரை போனார், அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி இறந்தார். ஒரே மாணவி, இரண்டு தேர்வு, இரண்டு விடை; வேதியியல் மேசையிலும் இப்படி ஒன்று உண்டு. சோடியம் கார்பனேட் கரைசலைப் பினால்ப்தலீன் போட்டு அமிலத்தால் தரம்பார்த்தால் 10 மில்லியில் நிறம் போகிறது என்றால், அதே கரைசலுக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டால் 20 மில்லியில்தான் நிறம் மாறும். கரைசல் ஒன்று, எண் இரண்டு. இரண்டு நிறங்காட்டியும் பொய் சொல்லவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கிறது, அவ்வளவுதான். எந்த நிறங்காட்டி என்று தேர்ந்தெடுப்பவர் விடையையும் பெருமளவு தேர்ந்தெடுத்துவிடுகிறார். ஆகவே அந்தத் தேர்வுக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எந்த நிறங்காட்டி பயன்பட்டது என்பதை அளவீட்டுக்கு மேலேயே எழுதிவிடச் சொல்கிறோம். எழுதாத அறிக்கைக்கு மதிப்பெண் இல்லை.

செய்முறை வகுப்பில் வைக்கக்கூடிய ஒரு பாடம் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர்க் கிணற்றிலிருந்தோ கைப்பம்பிலிருந்தோ ஒரு புட்டி தண்ணீர் கொண்டு வரட்டும். 100 மில்லியை அளந்து குடுவையில் விட்டு, மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு. பியூரெட்டில் 0.02 நார்மல் கந்தக அமிலம். அதன் செறிவை முந்தின நாளே சோடியம் கார்பனேட்டைக் கொண்டு அவர்களே சரிபார்த்திருக்க வேண்டும். மஞ்சள் ஆரஞ்சாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 10 மில்லிகிராம். 32 மில்லி ஆனால் 320. கணக்கு அவ்வளவே. செலவு ஒரு புட்டி அமிலம். இந்த எண் ஆசிரியருக்குத் தெரியாது, வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்குத் தெரியாது, காலை அணியில் போன தோழிக்கும் தெரியாது. ஐப்பசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை எடுத்து, ஊர்ப் பெயரும் தேதியும் போட்டு ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். கல்லங்குறிச்சிக் கிணறும் காரைக் கிணறும் எவ்வளவு தின்கின்றன, ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண் கிணறு எவ்வளவு தின்கிறது? செம்மண்ணில் குறைவாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆண்டிமடத்துப் பிள்ளை என் நினைப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடைப்பானைத் திறக்கட்டும்.